வானில் எழுதும் வெண்புகை

மார்கழிக் காலையில் தென்னேரி ஏரியின் மேல் மூடுபனி படர்ந்து நிற்கும். பனி விலகியபின் தலையை நிமிர்த்தினால், மிக உயரத்தில் ஒரு ஜெட் விமானம் வெண்கோடு இழுத்துச் செல்வதைச் சில நாட்களில் காணலாம். வான விழாக்களில் கரணமடித்துப் பறக்கும் சிறு விமானங்களின் பின்னாலும் இப்படியொரு வெண்கோடு நீள்கிறது. இம்மூன்றும் ஒன்றுதானா?

மூடுபனியும் ஜெட் விமானத்தின் கோடும் நீரால் ஆனவை. எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் கடுங்குளிர் நிலவுவதால், அந்நீராவி உடனே நுண்ணிய பனித்துகள்களாகிக் கோடாகத் தெரிகிறது. சில நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் சிறு விமானத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை. அதன் நீராவி வெதுவெதுப்பான காற்றில் கலந்து மறைந்துவிடும். ஆகவே, தனக்கு வேண்டிய மூடுபனியை அது தானே சுமந்து செல்ல வேண்டும். அந்தச் சுமை விமானத்தில் ஏறிய வரலாற்றை இங்குக் காண்போம்.

பல்லாவரத்தில் ஒரு விமானம்

1909ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று பிரெஞ்சுக்காரரான லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். அச்செய்தி உலகெங்கும் பலரை உசுப்பிவிட்டது. அவர்களுள் ஒருவர் சென்னை மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டாஞ்சலிஸ். கார்சிகா தீவைச் சேர்ந்தவர். தாமே வடிவமைத்த விமானத்தைச் சிம்ப்சன் கம்பெனியிடம் கொடுத்துக் கட்டச் செய்தார். 1910 மார்ச்சில் தென்னேரிக்குக் கிழக்கேயுள்ள பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டுச் சோதித்தார். அந்நாளில் இவ்விரண்டு ஊர்களும் ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தன. இந்திய மண்ணில் நிகழ்ந்த முதல் விமானப் பறப்புகளுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது.

விமானத் தொழிற்சாலையில் விலைக்கு வாங்காமல், தனியொருவர் தம் எண்ணப்படி கட்டிக்கொள்ளும் விமானத்துக்கு இது நம் பகுதியின் பழைய எடுத்துக்காட்டு. அந்த ஆர்வம் இன்றும் மறையவில்லை. மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ் தம் வீட்டு மொட்டைமாடியிலேயே கட்டிய விமானம், 2017இல் அரசின் பதிவைப் பெற்றது.

குறையாக இருந்த புகை

விமானத்தின் தொடக்கக் காலத்தில் புகையை யாரும் விரும்பிச் சேர்க்கவில்லை. அது வேண்டாத விருந்தாளியாகவே வந்தது. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த பிரெஞ்சு நாட்டு 'நோம்' எஞ்சினில், சிலிண்டர்கள் எல்லாம் காற்றாடியுடன் சேர்ந்தே சுழலும். அதற்கு உயவு எண்ணெயாக எதை ஊற்றினார்கள் தெரியுமா? நம் வீடுகளில் குழந்தைகளுக்குப் பேதிக்குக் கொடுத்துவந்த விளக்கெண்ணெயைத்தான்! பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊற்றிய எண்ணெய் மறுபடி எஞ்சினுக்குள் திரும்புவதில்லை. பாதி எரிந்தும் எரியாமலும் வெளியேறி, விமானியின் முகத்திலும் உடையிலும் படிந்தது. விமானத்தின் பின்னால் புகை தெரிந்தால் அது எண்ணெய் வீணாவதன் அடையாளம்.

குறை கருவியானது

முதல் உலகப் போரில், எதிரியின் கண்ணை மறைக்கப் புகைத்திரை பயன்பட்டது. போர் முடிந்தபின் பிரிட்டனின் மேஜர் ஜாக் சாவேஜ் வேறொரு வழியில் சிந்தித்தார். மறைப்பதற்குப் பயன்பட்ட புகையைக் கொண்டு காட்டவும் முடியுமன்றோ? போரில் பறந்த 'எஸ்.இ.5ஏ' விமானங்களை வாங்கினார். எஞ்சினின் புகைக்குழாய்களை வால்வரை நீட்டினார். சூடான அக்குழாயில் எண்ணெயைச் செலுத்தினார். 1922 மே மாத இறுதியில், எப்சம் குதிரைப் பந்தயத்துக்குத் திரண்டிருந்த கூட்டத்தின் தலைக்கு மேல், விமானி சிரில் டர்னர் 'டெய்லி மெயில்' என்று பத்திரிகையொன்றின் பெயரை வானில் எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் நகரின் மேல் 'ஹலோ யு.எஸ்.ஏ.' என்று எழுதிக் காட்டினார்.

இது எளிய வேலையன்று. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவர் படிக்க வேண்டிய எழுத்து, மேலிருக்கும் விமானிக்குக் கண்ணாடியில் காண்பதுபோல் இடவலமாகத் தெரியும். நீங்களே ஒரு கண்ணாடித் தகட்டைத் தலைக்கு மேல் பிடித்து, அதன் மேற்பக்கத்தில் 'க' என்று எழுதிப் பாருங்கள். கீழிருந்து பார்க்கும் நண்பர் சரியாகப் படிக்க வேண்டுமானால் எப்படி எழுத வேண்டும் என்பது விளங்கும்.

தோசைக்கல் சொல்லும் பாடம்

இனி, இந்தப் புகை எவ்வாறு உண்டாகிறது என்று பார்ப்போம். காய்ந்த தோசைக்கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் குபீரென்று வெண்புகை எழுகிறது. எண்ணெய் அங்குத் தீப்பற்றவில்லை. சூட்டில் ஆவியாகி, மேலே வந்து காற்றில் குளிர்ந்து, மீண்டும் நுண்துளிகளாகிறது. விமானத்திலும் இதுவே நடக்கிறது.

சிறு விமானத்தின் எஞ்சினில் எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாகிறது. அக்குழாயில் ஒரு சிறு துளையிட்டு, பம்பு மூலம் மெல்லிய கனிம எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். எண்ணெய் ஆவியாகிறது. குழாய்க்குள் போதிய ஆக்சிஜன் இல்லாமையால் பெரும்பாலும் எரிவதில்லை. வெளியே வந்ததும் காற்றில் குளிர்ந்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு போன்ற அளவுள்ள துளிகளாகிறது. இத்துளிகள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிப்பதால் வெண்மை தோன்றுகிறது. ஆகவே, நாம் புகை என்று அழைப்பது உண்மையில் எண்ணெயாலான மூடுபனியே. குழாயின் சூடு போதாவிட்டால் எண்ணெய் ஆவியாகாமல், விமானத்தின் அடிவயிற்றில் வழியும். எஞ்சினின் வெப்பத்துக்கு ஏற்ற அளவுதான் எண்ணெயைச் செலுத்த வேண்டும்.

சிறு விமானத்தின் கணக்கு

தம் கையால் விமானம் கட்டியவர் அதில் இத்தகைய அமைப்பைப் பொருத்த விரும்பினால், முதலில் கையில் எடுக்க வேண்டியது பென்சிலும் தாளும்தான். 20 லிட்டர் எண்ணெய் கொள்ளும் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயின் எடை மட்டும் ஏறத்தாழ 17 கிலோகிராம். நிமிடத்துக்கு 2 லிட்டர் செலவானால் பத்தே நிமிடங்களில் தீர்ந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒரு சின்னப் பிள்ளையின் எடையை விமானம் சுமக்கிறது! அதுமட்டுமன்று. பறக்கும்போதே இந்த எடை குறைந்துகொண்டே போகும். தொட்டியை வாலருகே வைத்தால் விமானத்தின் சமநிலை மாறும். ஆகவே, ஈர்ப்பு மையத்தை ஒட்டி அதை வைப்பதே முறை.

அடுத்தது தீ. எண்ணெய்த் தொட்டி எஞ்சினின் சூட்டிலிருந்து விலகி இருக்க வேண்டும். பம்பை நிறுத்திய பின்னும் எண்ணெய் தானாகக் கசிந்து சூடான குழாய்க்குள் இறங்காதபடி ஓர் அடைப்பிதழ் தேவை. தரையில் நிற்கும்போது புகையை இயக்குவது ஆபத்து. வேகமாக வீசும் காற்று இல்லாமையால் எண்ணெய் தேங்கித் தீப்பிடிக்கக்கூடும். விமானியின் அறைக்குள் புகை நுழையாதபடி சந்துகளை அடைக்க வேண்டும். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கோடு எதற்கு?

இவ்வளவு பாடுபட்டு ஒரு கோடு தேவைதானா என்று நீங்கள் கேட்கலாம். விமானம் கணத்தில் கடந்துவிடும். அது வந்த வழியைக் கண்ணுக்குக் காட்டுவது புகைதான். கரணம் வட்டமாக அமைந்ததா, கோழிமுட்டையாகக் கோணியதா என்பதைப் புகை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதையும் விமானி அதில் கண்டுகொள்ளலாம்.

நம் விமானப்படையில் 1982இல் ஹண்டர் விமானங்களுடன் 'தண்டர்போல்ட்ஸ்' என்ற சாகசக் குழு உருவாயிற்று. 1996இல் 'சூரியகிரண்' குழு, பெங்களூரில் வடிவமைத்துக் கட்டப்பட்ட கிரண் விமானங்களுடன் தோன்றியது. பின்னர் அது ஹாக் விமானங்களுக்கு மாறியது. 2019 பிப்ரவரியில் எலகங்காவில் நடந்த ஒத்திகையின்போது அக்குழுவின் இரு விமானங்கள் மோதி, விமானி ஒருவர் உயிரிழந்தார். அழகாகத் தெரியும் ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஓர் உயிர் இருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது. எடையையும் தீயையும் பற்றி மேலே சொன்ன கணக்குகளுக்கு இதுவே காரணம்.

வீணாகும் எண்ணெய், வீணாகும் வெப்பம் என்ற இரண்டையும் விமானப் பொறியாளர்கள் நெடுங்காலம் குறையாகவே எண்ணினர். அவ்விரண்டையும் அளவறிந்து சேர்த்தபோது வானமே கரும்பலகையாயிற்று. உங்கள் ஊர்ப் பட்டறையிலும் வயலிலும் அடுப்படியிலும் இப்படி வீணாகின்றவை எத்தனையோ. அவற்றுள் எதை எதனுடன், எந்த அளவில் சேர்க்கலாம் என்று சிந்தித்துப் பாருங்கள்.