பொருந்தாமற்போன ஒரு கணக்கு

பம்மலைப் போன்ற புறநகர்ப் பங்குகளில் மறைக்கல்வி வகுப்புக்கு வரும் இளையோர் இன்று துணிந்து எழுப்பும் வினா ஒன்று உண்டு. தொடக்கநூல் ஆறு நாள் என்கிறது, அறிவியல் நூல் பெருவெடிப்பு என்கிறது, எதை நம்புவது? இவ்வினாவை அதட்டி அடக்குவது எளிது. அறிவியலே விவிலியத்தை மெய்ப்பித்துவிட்டது என்று சொல்லி மகிழ்வதும் எளிது. இரண்டுமே முறையன்று என்பதை ஒரு வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. அதன் ஒரு கிளை நம் சென்னையிலிருந்தே புறப்படுகிறது.

1910இல் லாகூரில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். 1930இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1937 முதல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். உலகில் ஹைட்ரஜன் மிகுதியாகவும் தங்கம் அரிதாகவும் இருப்பது ஏன்? 1942இல் அவரும் லூயிஸ் ஹென்ரிச்சும் இதற்கு விடை தேடினர். விண்மீன்கள் தோன்றுமுன் பொருள் யாவும் பலநூறு கோடி பாகை வெப்பத்தில் சமநிலையில் இருந்ததாகவும், அந்நிலையின் விகிதமே உறைந்து நின்றதாகவும் கொண்டு கணக்கிட்டனர். ஆக்சிஜன் முதல் கந்தகம் வரை ஓரளவு பொருந்தியது. கனமான தனிமங்கள் பொருந்தவே இல்லை. அதை அவர்கள் மறைக்கவில்லை. கட்டுரையின் தலைப்பிலேயே 'முயற்சி' என்ற சொல்லை வைத்திருந்தனர்.

பிழை எங்கே? 1946இல் ஜார்ஜ் காமவ் அதைச் சுட்டினார். உலகம் மிக விரைந்து விரிந்தது. சமநிலை எய்த அதற்கு நேரமே இல்லை. உலையில் அரிசி வேகுமுன் அடுப்பு அணைந்துவிட்டால், சோறு அரைவேக்காட்டில் நின்றுவிடும். எவ்வளவு வெந்தது என்பதை அறிய அடுப்பின் சூடு மட்டும் போதாது. அரிசி வேகும் வேகமும் தெரியவேண்டும். அணுக்கரு வினைகளுக்கும் இதுவே விதி. 1948இல் காமவும் அவர் மாணவர் ரால்ஃப் ஆல்ஃபரும் இவ்வழியில் கணக்கிட்டனர்.

பின்வந்தோர் திருத்திய கணக்கு இது. முதல் நொடியில் வெப்பம் ஏறத்தாழ 1000 கோடி பாகை. சில நிமிடங்களில் அது 100 கோடிக்குக் கீழே இறங்கியபோது, 2 நியூட்ரானுக்கு 14 புரோட்டான் என்ற விகிதம் எஞ்சியது. அவ்விரு நியூட்ரானும் இரு புரோட்டானுடன் கூடி ஒரு ஹீலியம் அணுக்கரு ஆயின. மீந்த 12 புரோட்டானும் ஹைட்ரஜனாகவே நின்றன. ஆகவே எடையில் நான்கில் ஒரு பங்கு ஹீலியம். சிறிதளவு டியூட்டீரியமும் மிகச் சிறிதளவு லித்தியமும் உடன் உண்டாயின. 5, 8 என்ற நிறையெண்களில் நிலைத்த அணுக்கரு இல்லாததால் வேலை அதற்குமேல் செல்லவில்லை. அடுப்பு அணைந்தது.

கார்பனும் ஆக்சிஜனும் இரும்பும் பின்னர் விண்மீன்களில் உருவாயின. இதை 1957இல் விரிவாக விளக்கிய நால்வருள் ஒருவர் வில்லியம் ஃபௌலர். கலிஃபோர்னியாவின் ஆய்வுக்கூடத்தில் அணுக்கரு வினைகளின் வேகத்தை ஒவ்வொன்றாக அளப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். 1983இல் இயற்பியல் நோபல் பரிசு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் ஃபௌலர், மற்றவர், விண்மீன்களின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக, நம் சந்திரசேகர்.

விரியும் உலகத்துக்குத் தொடக்கம் ஒன்று இருந்திருக்கும் என்று 1931இல் எழுதியவரோ ஒரு குரு: பெல்ஜிய நாட்டு அருள்பணி ஜார்ஜ் லெமைத்தர். ஒரு பேரணு உடைந்து தனிமங்கள் பிறந்தன என்று அவர் எண்ணியது பின்னர் நிலைக்கவில்லை. விரிவு என்னும் அடிப்படை நிலைத்தது. 1951 நவம்பர் 22 அன்று திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில், இப்புதிய ஆய்வுகள் 'ஒளி உண்டாகுக' என்ற இறைவார்த்தைக்குச் சான்று பகர்வதுபோலப் பேசினார். லெமைத்தர் இதை விரும்பவில்லை. தம் கருதுகோள் சமயத்துக்குச் சான்றும் அன்று, எதிரியும் அன்று என்பதே அவர் நிலைப்பாடு. மறு ஆண்டு வானியலாளர்க்குத் திருத்தந்தை ஆற்றிய உரையில் அவ்வொப்புமை இடம்பெறவில்லை.

இது புதிய எச்சரிக்கை அன்று. உலகிற்குத் தொடக்கம் உண்டென்பதை நம்பிக்கையால் ஏற்கிறோம், வாதத்தால் மெய்ப்பிக்க இயலாது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினார் கற்பித்தார். வலுவற்ற சான்றுகளைக் காட்டினால் நம்பாதோர் நகைக்க இடமளிப்போம் என்றும் அவர் எச்சரித்தார். படைப்பு என்பது முதல் நிமிடத்தில் நடந்து முடிந்த நிகழ்ச்சி அன்று. இருப்பவை யாவும் இக்கணமும் இறைவனைச் சார்ந்து இருப்பதே படைப்பு. முதல் நிமிடங்களில் என்ன நடந்தது என்பது ஆய்வுக்கூடத்தின் வினா. ஏதேனும் ஒன்று ஏன் இருக்கிறது என்பது வேறு வினா.

ஆய்வும் முடிந்துவிடவில்லை. இத்தாலியின் கிரான் சாசோ மலையடியில், 1400 மீட்டர் பாறைக்குக் கீழே, டியூட்டீரியத்தை அழிக்கும் வினையின் வேகத்தை நுட்பமாக அளந்து 2020இல் வெளியிட்டனர். டியூட்டீரியக் கணக்கு நன்கு பொருந்தியது. லித்தியமோ, பழைய விண்மீன்களில் காணப்படுவதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு இருக்கவேண்டும் என்கிறது கணக்கு. காரணம் இன்னும் தெளியவில்லை.

லெமைத்தர் குரு; சந்திரசேகரோ தம்மை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டவர். பொருந்தாததைப் பொருந்தியதாகக் காட்ட இருவருமே மறுத்தனர். நம் பிள்ளைகளுக்கு விடை சொல்லும்போது நமக்கும் இந்நேர்மை வேண்டும். தண்ணீர் லாரியில் பிடித்த குடத்து நீரிலும் திருமுழுக்குத் தொட்டியின் நீரிலும் உள்ள ஹைட்ரஜன், ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த முதல் கணங்களைச் சேர்ந்தது. ஆக்சிஜன் விண்மீன்களில் வெந்தது. இதை அவர்களுக்கு அஞ்சாமல் சொல்லலாம். லித்தியக் கணக்கு பொருந்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லலாம்.