சஸ்குவஹானாவின் தூண்டில் ஈக்கள்

கொக்கியின் மீது இறகையும் உரோமத்தையும் நூலால் இறுக்கிக் கட்டி, மீனின் கண்ணுக்கு இரையாகத் தோன்றச் செய்யும் போலி இரையே தூண்டில் வழக்கில் 'ஈ' எனப்படுகிறது. வட அமெரிக்க ஓடைகளில் வாழும் சிறுவாய் பாஸ் மீனுக்காக 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஈக்களுள் பல, எந்தப் பூச்சியையும் ஒத்திராத பகட்டான இறகுக் கட்டுகளாகவே இருந்தன. 1892இல் மேரி ஆர்விஸ் மார்பரி தொகுத்த ஈக்கள் பற்றிய நூல் இத்தகையவற்றுக்கும் இடமளித்தது.

மீன் உண்மையில் எதை உண்கிறது என்ற கேள்வியிலிருந்து ஈயைத் தேர்ந்தெடுக்கும் போக்குக்குப் பென்சில்வேனியா மாநிலம் சிறந்த சான்றாகும். அங்கு 1967இல் ரசல் பிளெசிங், கற்களுக்கடியில் வாழும் டாப்சன் ஈ என்னும் பூச்சியின் புழுவை மனத்திற்கொண்டு 'வுல்லி பக்கர்' என்பதைக் கட்டினார். அதன் வாலான மராபூ இறகு, நீர் பட்டதும் மெலிந்து நெளிவதால், உயிருள்ள புழுவின் அசைவையே பெற்றுவிடுகிறது.

1980களில் அதே மாநிலத்தில் பாயும் சஸ்குவஹானா ஆற்றின் மீன்பிடி வழிகாட்டியான பாப் கிளவுசர், கொக்கித் தண்டின் மேற்புறத்தில் இரட்டைக் குண்டு வடிவ ஈயக் கண்களைப் பொருத்தி, மான்வால் உரோமத்தால் சிறுமீன் உருவை அமைத்தார். அந்த எடையால் கொக்கி தலைகீழாகப் புரண்டு, முனை மேல்நோக்கி நிற்பதால் பாறை இடுக்குகளில் எளிதில் சிக்குவதில்லை. நூலை இழுத்து நிறுத்தும்போதெல்லாம் அது தலைகுப்புற அமிழ்கிறது, அந்த அமிழ்தலின்போதுதான் பாஸ் பெரும்பாலும் பாய்ந்து கவ்வுகிறது.