காப்பகக் குழந்தைகளின் மனநலம்: பிறந்தநாள் கேக்கைத் தாண்டி நீங்க என்ன செய்யலாம்?

பிறந்தநாளுக்குக் குழந்தைகள் இல்லத்துக்குப் போய், கேக் வெட்டி, பிரியாணி பரிமாறி, குரூப் போட்டோவும் எடுத்துட்டு வர்றது நம்மில் பலருக்கும் வழக்கம். நல்ல மனசுதான். ஆனால், நீங்க கிளம்பிய பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன ஆகிறது?

அங்கே இருப்பவர்கள் யார்?

எல்லோரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்ல. பலருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார். வறுமை, நோய், வீட்டு வன்முறை போன்ற காரணங்களால் குழந்தைகள் நலக் குழு அவர்களை இல்லத்தில் சேர்க்கிறது. ‘அம்மா எப்போ வருவாங்க?’ என்ற காத்திருப்பே பெரிய பாரம்.

மனக்காயம் எப்படித் தெரியும்?

படுக்கையில் சிறுநீர் கழிப்பது, திடீர் கோபம், சாப்பாட்டை ஒளித்து வைப்பது எல்லாம் ‘சேட்டை’ அல்ல. பயத்தின் வெளிப்பாடாக இருக்கலாம். முன்பின் தெரியாத உங்களிடம் ஒரு குழந்தை உடனே ஒட்டிக்கொண்டால், அது வெறும் பாசம்னு நினைச்சுடாதீங்க. பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் குழந்தைகள் இப்படி நடந்துகொள்வதுண்டு.

எது உதவும்?

கவுன்சலிங் தேவைதான். ஆனால், அதோடு மாறாத ஒரு பெரியவரும் வேண்டும். அதனால்தான் இளைஞர் நீதிச் சட்டம் 2015, காப்பகத்தைக் கடைசி வழியாகவே பார்க்கிறது. உறவினர் அல்லாத குடும்பத்தில் குழந்தையை வளர்க்கும் ‘வளர்ப்புப் பராமரிப்பு’க்கு, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. 2024 வழிகாட்டுதலின்படி, திருமணமாகாதவர்களும் 35 வயதுக்குப் பிறகு இதற்கு விண்ணப்பிக்கலாம்.

18 வயதானால்?

இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். 21 வயது வரை பின்பராமரிப்பு உதவிக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் வாடகை வீடு பிடிப்பது, இன்டர்வியூவுக்குத் தயாராவது, முதல் சம்பளத்தைக் கையாள்வது இதையெல்லாம் யாரிடம் கேட்பது? நீங்க சில வருடங்களுக்கு முன்னால் கடந்து வந்த பாதைதானே இது!

நீங்க செய்யக்கூடியவை

• ஒருநாள் விருந்தைவிட, மாதம் இரண்டு முறை குறிப்பிட்ட நாளில் வந்து பாடம் சொல்லிக்கொடுப்பது மேல். இல்ல நிர்வாகத்தின் அனுமதியும் பின்னணிச் சரிபார்ப்பும் அவசியம்.

• ‘அடுத்த வாரம் வர்றேன்’னு சொன்னால் வந்துடுங்க. நிறுத்துவதாக இருந்தால், முன்கூட்டியே சொல்லி விடைபெறுங்கள்.

• ‘உன் அப்பா எங்கே?’ என்று கிளறாதீர்கள். குழந்தையே பேசினால் கேளுங்கள்.

• போட்டோவைப் பதிவிடாதீர்கள். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதைச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது.

• குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098; மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் 24 மணி நேர இலவச சேவைகள்.