வாத்தியார்கள் ஏன் பனியில் நின்றார்கள்?

2018 பிப்ரவரி கடைசி. இங்கே புனேயில் நாங்கள் ஃபேன் போட ஆரம்பித்திருந்தோம். இங்கிலாந்தில் எம்.எஸ்.சி. படித்துக்கொண்டிருந்த அக்கா பையன் போன் பண்ணினான்.

"மாமா, இங்க ஸ்ட்ரைக். பதினாலு நாளாம். அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

"எதுக்குடா ஸ்ட்ரைக்?"

"வாத்தியார்களுக்கு பென்ஷன் பிரச்சினையாம் மாமா."

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அக்கா வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துக் கட்டிய ஃபீஸ் அது. போதாததற்கு, தனியார் கம்பெனியில் இருக்கும் எனக்கே பி.எஃப்.பை விட்டால் நாதியில்லை, இவர்களுக்கு என்ன பென்ஷன் வேண்டிக்கிடக்கிறது என்று ஒரு வயிற்றெரிச்சல் :-) ஆனால் இன்ஷூரன்ஸ் கணக்குப் பார்த்தே பிழைக்கிறவன் இல்லையா, சும்மா இருக்க முடியவில்லை. உட்கார்ந்து படித்தேன்.

அங்கே பழைய பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பொதுவாக யு.எஸ்.எஸ். என்றொரு பென்ஷன் நிதி 1975-லிருந்து இருக்கிறது. (1992-க்குப் பிறகு பல்கலைக்கழகமான பாலிடெக்னிக்குகளுக்கு வேறு திட்டம், அதற்கு அரசாங்கமே ஜவாப்தாரி. அதனால்தான் பக்கத்துத் தெரு பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடந்தது, இவனுடையதில் நடக்கவில்லை.) ஆரம்பத்தில் 40 வருஷம் வேலை பார்த்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். 2011-ல் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அது போயிற்று. 2016-ல் எல்லோருக்குமே போயிற்று. அதற்குப் பதில், ஒவ்வொரு வருஷச் சம்பளத்திலும் 75-ல் ஒரு பங்கு பென்ஷனாகச் சேரும். அதுவும் 55,000 பவுண்டு சம்பளம் வரைக்கும்தான். ஆக, 2018-ல் பனியில் நின்றவர்கள் ஏற்கெனவே இரண்டு முறை விட்டுக்கொடுத்தவர்கள்.

மூன்றாவது முறை கேட்டதுதான் வினை. நிதியில் பல நூறு கோடி பவுண்டு பற்றாக்குறை, இனிமேல் இவ்வளவு பென்ஷன் என்ற வாக்குறுதியே கிடையாது, உங்கள் பணம் சந்தையில் எப்படி வளர்கிறதோ அதுதான் உங்களுக்கு என்றது நிர்வாகத் தரப்பு. சராசரி விரிவுரையாளருக்கு வருஷத்துக்குச் சுமார் 10,000 பவுண்டு நஷ்டம் என்றது அவர்கள் சங்கமான யு.சி.யு.

இந்தப் பற்றாக்குறை எப்படி வருகிறது? மாப்ளைக்கு இப்படித்தான் சொன்னேன். 20 வருஷம் கழித்து உன் கல்யாணத்துக்கு 20 லட்சம் வேண்டும் என்று வை. வட்டி 8 சதவீதம் என்றால் உங்கம்மா இன்றைக்கு 4.3 லட்சம் போட்டால் போதும். 4 சதவீதம் என்றால் 9.1 லட்சம் போட வேண்டும். கல்யாணச் செலவு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, ஆனாலும் உங்கம்மாவுக்கு 'பற்றாக்குறை' வந்துவிட்டது. எந்த வட்டியை எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாத்தியார்கள் சண்டை போட்டதும் அந்த ஒரு எண்ணைப் பற்றித்தான்.

"அப்ப என் கிளாஸ்?" என்றான். நியாயமான கேள்வி. வேலைநிறுத்த நாட்களுக்கு அவர்களுக்கும் சம்பளம் கிடையாது என்பதைச் சொன்னேன். பென்ஷன் என்பது யாரும் போடும் பிச்சை இல்லை, இன்றைய சம்பளத்தில் ஒரு பகுதியைப் பின்னால் தருகிறேன் என்று சொல்லிப் பிடித்து வைப்பதுதான் என்பதையும் சொன்னேன். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் ஃபீஸைத் திருப்பிக் கொடு என்று மனு போட்டார்கள், சில இடங்களில் வாத்தியார்களுக்காகக் கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். நம்மாள் பிக்கெட் வரிசைக்கு டீ வாங்கிக்கொண்டு போனானாம்.

மார்ச் 12-ல் ஒரு சமரசம் வந்தது. மறுநாளே உறுப்பினர்கள் அதைத் தூக்கி எறிந்தார்கள். ஏப்ரலில், நிபுணர் குழு போட்டுக் கணக்கைத் திரும்பப் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டுக்கு 64 சதவீதம் பேர் சரி சொன்னார்கள்.

அதோடு முடிந்ததா? கொரோனாவில் சந்தை விழுந்து கிடந்த 2020 மார்ச் 31-ஐ வைத்துக் கணக்குப் போட்டார்கள். பற்றாக்குறை 1,410 கோடி பவுண்டு! அதைக் காட்டி 2022 ஏப்ரலில் 75-ல் ஒன்றை 85-ல் ஒன்றாகக் குறைத்தார்கள். அதற்குள் வட்டி ஏறிவிட்டது. 2023 மார்ச் கணக்கில் 740 கோடி பவுண்டு உபரி. மூன்றே வருஷம்! வாத்தியார்கள் திடீரென்று சீக்கிரம் சாக ஆரம்பிக்கவில்லை, வட்டி மாறியது, அவ்வளவுதான். 2024 ஏப்ரலில் பழையபடி 75-ல் ஒன்று திரும்ப வந்தது. அதற்குள் இன்னும் எத்தனையோ ஸ்ட்ரைக்.

இதையெல்லாம் படிக்கும்போது அப்பா ஞாபகம்தான். பள்ளிக்கூட வாத்தியார், பழைய பென்ஷன், மாதம் பிறந்தால் பேங்க் வாசலில் நிற்பார். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகும், மத்திய அரசில் 2004 ஜனவரி 1-க்குப் பிறகும் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்த வாக்குறுதி இல்லாமல் போனது. ஒரு தேதிக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் 2005-ல் அதே ஊரில் வாத்தியாரான சித்தப்பா பையன். நான் அப்போது ஊரில் இல்லை, செய்தியாகத்தான் படித்தேன். படித்துவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குத் தாவியிருப்பேன்.

2024-ல் பென்ஷன் திரும்பிய செய்தியை மாப்ளைக்கு அனுப்பினேன். இப்போது அவனும் வேலையில் இருக்கிறான், பி.எஃப். பிடிக்கிறார்கள்.

"நல்லது மாமா. என் பதினாலு நாள் ஃபீஸ் மட்டும் இன்னும் வரல" என்று பதில் போட்டிருந்தான்.