வாசல் வளைவுக்கு உள்ளே இருந்தவர்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போகும்போது, மலை ஏறுவதற்கு முன்பே ஒரு வாசல் வளைவு தென்படும். மாடர்ன் தியேட்டர்ஸ். இப்போது வளைவு மட்டும்தான் மிச்சம். படத்தளங்களை இடித்த இடத்தில் வீடுகள் எழும்பிவிட்டன.

திருச்செங்கோட்டு ஜவுளிக் குடும்பத்தில் பிறந்த டி.ஆர்.சுந்தரம் 1930களில் கட்டியெழுப்பிய நிறுவனம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) என்று 'முதல்'களின் பட்டியலை ஊரில் யாரும் ஒப்பிப்பார்கள். 1963இல் சுந்தரம் மறைந்தார்.

எனக்கு வேறு பட்டியல் வேண்டும். 1937இல் வந்த அவர்களின் முதல் படம் 'சதி அகல்யா', கல்லாக்கப்பட்டவளின் கதை. அகலிகையாக நடித்தவர் இலங்கையிலிருந்து வந்த தவமணி தேவி. அலிபாபாவின் பெயரில் படம் ஓடினாலும் திருடர்களைக் கண்டுகொள்பவள் பானுமதி நடித்த அடிமைப்பெண்தான்.

'மந்திரி குமாரி' (1950) இன்னும் நெருக்கமானது. கலைஞர் கருணாநிதி அதைக் குண்டலகேசியிலிருந்து எடுத்தார். அந்தக் காப்பியத்தில் நமக்குக் கிடைத்திருப்பவை 19 பாடல்கள். வகுப்பில் அவற்றை நடத்தும்போதெல்லாம் அம்மாயி நினைவுக்கு வருவார். அவர் காப்பியம் படித்தவரல்ல. டூரிங் கொட்டகையில் படம் பார்த்தவர். எம்.ஜி.ஆரைப் பற்றிக் கேட்டால், "அவரு கெடக்கட்டும் கண்ணு, கொல்லக் கூட்டிட்டுப் போன புருசனை மூணு சுத்துச் சுத்தி வந்து தள்ளி உட்டா பாரு" என்பார். மாதுரி தேவியின் பெயர் அவருக்குத் தெரியாது. தள்ளியது தெரியும்.

நடிகைகளுக்காவது பெயர் மிஞ்சியது. குழு நடனம் ஆடியவர்கள், கூட்டக் காட்சியில் கூலிக்கு நின்றவர்கள், அரிதாரம் காயக் காத்திருந்தவர்கள்? கட்டடம் நின்றிருந்தால் ஒப்பனை அறையின் சுவரையாவது காட்டியிருக்கலாம். ஊர்ப் பெருமைக்கு வளைவு போதும் என்று விட்டுவிட்டோம். வளைவு முதலாளியின் வாசல்.

வீட்டுக் கிழவிகளிடம் கேட்டு வரச் சொன்னேன். ஒரு மாணவி கேட்டு வந்தாள். அவளுடைய அப்பத்தா இளம்வயதில் இரண்டு நாள் அங்கே கூட்டத்தில் நின்றிருக்கிறார். எந்தப் படம் என்று தெரியவில்லையாம். கொட்டகைக்குப் போக வீட்டில் விடவில்லை.