ஹாம் வானொலியின் டிஜிட்டல் குறியீடுகளில் உறைந்திருக்கும் மொழி

ஹாம் வானொலியில் டிஜிட்டல் முறைகளைக் கற்கத் தொடங்குவோரிடம் டிரான்சீவர், கணினி, இரண்டையும் இணைக்கும் ஒலி இடைமுகம், பிழையற்ற கடிகாரம் ஆகியவற்றைப் பற்றியே முதலில் பேசப்படுகிறது. அம்முறைகளின் குறியீடுகளுக்குள் ஆங்கிலத்தின் எழுத்துப் பரவல் உறைந்திருப்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. மொழியியல் மாணவர்க்கு அதுவே சுவையான வரலாறு.

பன்னாட்டு மோர்ஸ் குறியீட்டில் ஆங்கில ‘ஈ’ எழுத்துக்கு ஒரே புள்ளி. ‘கியூ’வுக்கோ நான்கு குறிகள், அவற்றுள் மூன்று கோடுகள். மிகுதியாக வருவது விரைந்து செல்ல வேண்டும் என்பதே விதி. 1901-இல் டொனால்ட் மரே, எமில் போதோவின் 5 அலகுத் தந்திக் குறியீட்டைத் திருத்தியமைத்தார். அதில் எல்லா எழுத்துகளுக்கும் நேரம் ஒன்றே. எனினும் மிகுதியாக வரும் எழுத்துகளுக்கு நாடாவில் குறைந்த துளைகளே விழுமாறு செய்தார். மிச்சப்பட்டது இயந்திரத் தேய்மானம். ஹாம் அன்பர்கள் ‘ஆர்டிடிஒய்’ என வழங்கும் தொலைதட்டச்சு முறை இன்றும் அம்மரபின் வழியதே.

1998 டிசம்பரில் பிரித்தானிய ஹாம் அன்பர் பீட்டர் மார்டினெஸ் பரவலாக அறிமுகப்படுத்திய பிஎஸ்கே31 இன்னும் தெளிவான சான்று. அதற்கென அவர் வகுத்த ‘வேரிகோட்’, ஆங்கில உரைகளில் எழுத்துகளின் நிகழ்வெண்ணைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டது. சொல்லிடைவெளிக்கு 1 பிட், சிற்றெழுத்து ‘ஈ’க்கு 2, பேரெழுத்து ‘ஈ’க்கு 7. ஒவ்வோர் எழுத்தின் பின்னும் பிரிப்பானாக இரு சுழியங்கள் வரும். விநாடிக்கு 31.25 பிட் வேகத்தில், ‘தி’ என்னும் மூன்றெழுத்து ஆங்கிலச் சுட்டுச்சொல் 17 பிட்டில், அரை விநாடியைச் சற்றே கடந்து முடிந்துவிடுகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லை யுடிஎஃப்-8 முறையில் அனுப்பினால்? மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும்கூடத் தனித்தனியே மூன்று பைட் கேட்கும். ஆக 15 பைட். விரிவாக்கப்பட்ட வேரிகோட்டில் பைட் ஒன்றுக்கு, பிரிப்பானோடு சேர்த்து, குறைந்தது 12 பிட். மொத்தம் 180 பிட், ஏறத்தாழ 6 விநாடி. தமிழை அனுப்பவே முடியாது என்பதன்று. பத்து மடங்குக்கு மேல் விலை கொடுத்து அனுப்ப வேண்டும்.

2017-இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கியும் உருவாக்கிய எஃப்டி8 வேறு வழியில் சென்றது. (டெய்லர், இரட்டைத் துடிவிண்மீன் கண்டுபிடிப்புக்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.) அது எழுத்துகளை எண்ணவில்லை, வழக்கமான கூற்றுகளைக் கணக்கில் கொண்டது. யார் யாரை அழைக்கிறார், எங்கிருந்து, குறிகை எவ்வளவு வலிது என்பவை 77 பிட்டுக்குள் தத்தம் இடத்தில் அமர்கின்றன. இதனால் உரையாடலே செத்துவிட்டது என்று புலம்புவோர் உண்டு. நான் முழுதும் உடன்படேன். தகவலுக்காக அன்றி உறவுக்காகவே நிகழும் பேச்சு என மாலினோவ்ஸ்கி குறித்தது இங்கே எலும்புக்கூடாகவேனும் எஞ்சியிருக்கிறது.

ஆனால் எழுத்துச் சிக்கல் இறுகிவிட்டது. விருப்பம்போல் எழுத எஃப்டி8 தரும் இடங்கள் 13. அவற்றில் இடத்தக்க உருக்கள் 42: ரோமன் பேரெழுத்துகள் 26, இலக்கங்கள் 10, இடைவெளி, ஐந்து குறிகள். இந்திய நிலையம் ஒன்று ‘வணக்கம்’ சொல்ல விரும்பினால் ரோமன் எழுத்தில் 8 இடங்கள் போகும்; மிச்சம் 5.