கரைந்துபோக வேண்டிய தகடு

பந்து முகத்தில் பட்டால் கண் போய்விடும் என்றுதான் பயப்படுவோம். பல நேரம் உடைவது கண்ணுக்கு அடியில் இருக்கும் எலும்பு. முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. 1957-ல் ஸ்மித், ரீகன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு சடலத்தின் கண்மேல் ஹர்லிங் பந்தை வைத்துச் சுத்தியலால் அடித்து இதைக் காட்டினார்கள்.

தரை பொத்துக்கொண்டால் கொழுப்பும் தசையும் கீழே இறங்கும். கண் உள்வாங்கும், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். ஓட்டையை மூட ஒரு தகடு வேண்டும். டைட்டானியம் வைத்தால் ஆயுசுக்கும் உள்ளேயே கிடக்கும். வேலை முடிந்ததும் தானே கரைந்துவிட்டால் எவ்வளவு நல்லது!

1966-ல் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து குல்கர்ணியும் சகாக்களும் பாலிலாக்டிக் அமிலத்தை இதற்குச் சிபாரிசு செய்தார்கள். 1972-ல் கட்ரைட், ஹன்சக் இருவரும் குரங்குகளின் கண்குழியில் வைத்துப் பார்த்தார்கள். பலன் திருப்தி.

அப்புறம்தான் வினை. நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் கண்குழியை ஒட்டிய கன்ன எலும்பு உடைந்த 10 பேருக்கு இந்தப் பொருளில் தகடும் திருகும் வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து 4 பேர் வீக்கத்தோடு திரும்பி வந்தார்கள். 1993-ல் இது வெளியானது. தகடு வலுவை எப்போதோ இழந்துவிட்டது, ஆனால் அதன் படிகத் துணுக்குகள் கரையவில்லை. உடம்பு அவற்றோடு மல்லுக்கட்டியதுதான் வீக்கம். ஐந்து வருஷம் தாண்டியும் துணுக்குகள் கிடந்தன என்று 1995-ல் எழுதினார்கள். கடன் அடைந்தது என்று சான்றிதழ் வாங்கிய பிறகு நோட்டீஸ் வந்த கதை!

பிறகு கிளைகாலிக் அமிலம் கலந்து, ஒரு வருஷ வாக்கில் கரையும் தகடுகள் வந்தன. ஆனாலும் பெரிய ஓட்டையில், அடியில் உறுதியான திசு வளருமுன் தகடு கரைந்தால் கண் மறுபடி உள்வாங்கலாம். அதனால்தான் ஓட்டையின் அளவைப் பார்த்து மருத்துவர்கள் தகட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பி.காம். படித்த வங்கிக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? எனக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபர். உங்களில் பலருக்கும் அப்படித்தான். வீக்கம் வரக்கூடிய காலமும் அதுவே. அறுவை செய்தது ஒரு ஊர், வீங்குவது வேறு ஊர். புது மருத்துவருக்குப் பழைய கதை தெரியாது. இந்தத் தகடு எக்ஸ்ரேயிலும் தெரியாது.

ஆகவே வீடு காலி செய்யும்போது அந்தப் பழைய ஆஸ்பத்திரி ஃபைலைப் பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒட்டியிருக்கும் தகட்டு ஸ்டிக்கரோடு, பாஸ்போர்ட் பக்கத்தில் வையுங்கள்.